அந்தோனி ஜான்சன் குடும்பம்: ஆட்கணக்கும் நிலப் பட்டயமும் காட்டும் வரலாறு

அந்தோனி ஜான்சன் 17ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் வர்ஜீனியா, மேரிலாந்து ஆகிய ஆங்கிலேயக் குடியேற்றங்களில் வாழ்ந்த ஆப்பிரிக்கர். பிறர் தோட்டத்தில் உழைப்பதற்காகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட இவர், பின்னர் விடுதலை பெற்று, 250 ஏக்கர் நிலத்துக்கு உரிமையாளரானார். இவருடைய மனைவி மேரி. மகன்கள் ஜான், ரிச்சர்ட். இரண்டு மகள்களும் இருந்தனர். அந்தோனி எழுதிய நாட்குறிப்போ கடிதமோ கிடைக்கவில்லை. அவரை நேரில் கண்டு வரைந்த ஓவியமும் இல்லை. ஆட்கணக்கு, நிலப் பட்டயம், வரிப் பதிவு, நீதிமன்ற ஏடு, குத்தகைப் பத்திரம் ஆகியவற்றைக் கொண்டே இக்குடும்பத்தின் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு தொகுக்கப்பட்டுள்ளது. பழைய அரசு ஆவணங்களிலிருந்து எளிய மனிதர்களின் வாழ்வை மீட்டெடுப்பது எப்படி என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஒரு குடும்பத்துக்கு நிலம் தந்த அதே ஆவண முறை, பின்னாளில் அதை எவ்வாறு பறித்தது என்பதையும் இதில் காணலாம்.

பின்னணி

வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர் 1607இல் குடியேறினர். புகையிலை அங்கே பணப்பயிரானது. புகையிலைக்கு ஆள் பலம் மிகுதியாக வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த ஏழைகள் பலர், கப்பல் கட்டணத்துக்கு ஈடாகச் சில ஆண்டுகள் உழைத்துத் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டு பணியாளராயினர். 1619இல் முதன்முறையாக ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவில் இறக்கப்பட்டனர். அங்கோலாவிலிருந்து அடிமைகளை ஏற்றிச் சென்ற போர்த்துகீசியக் கப்பலை ஆங்கிலேயக் கப்பல்கள் கடலில் மறித்துக் கொள்ளையிட்டு, பிடித்தவர்களை அங்கே கொண்டுவந்து உணவுப் பொருளுக்கு விற்றன.

அந்நாளில் வர்ஜீனியாவில் அடிமைமுறையை வரையறுக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஆப்பிரிக்கர் சிலர் வாழ்நாள் முழுவதும் அடிமைகளாக வைக்கப்பட்டனர். சிலர் பணம் கொடுத்தோ, நீண்ட காலம் உழைத்தோ விடுதலை பெற்றனர். ஜான்சன் குடும்பம் தலையெடுத்தது சட்டம் இறுகுவதற்கு முன்பிருந்த இந்த இடைக்காலத்தில்தான்.

1625ஆம் ஆண்டு ஆட்கணக்கு

1622 மார்ச் 22 அன்று பவ்ஹட்டான் பழங்குடியினர் ஆங்கிலேயக் குடியிருப்புகளைத் தாக்கினர். 347 பேர் கொல்லப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. எட்வர்ட் பென்னட் என்பவரின் தோட்டத்தில் மட்டும் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதன் பின்னர் குடியேற்றத்தை நடத்திவந்த வணிக நிறுவனம் தன் உரிமையை இழந்தது. வர்ஜீனியா 1624இல் மன்னரின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. அங்கே உண்மையில் எத்தனை பேர் உயிரோடு உள்ளனர், எவ்வளவு தானியமும் ஆயுதமும் வீடும் கால்நடையும் உள்ளன என்று அறிய 1625 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வீடுவாரியாக ஓர் ஆட்கணக்கு எடுக்கப்பட்டது. சுமார் 1,200 பேர் அதில் இடம்பெற்றனர். அவர்களில் ஆப்பிரிக்கர்கள் 23 பேர்.

இந்தக் கணக்கில் ஆங்கிலேயப் பணியாளர்களுக்குப் பெயர், வயது, வந்த கப்பல், வந்த ஆண்டு ஆகிய விவரங்கள் பெரும்பாலும் தரப்பட்டுள்ளன. ஆப்பிரிக்கர்களில் பலருக்கு முழுப் பெயர்கூட இல்லை. பென்னட் தோட்டத்தில் இருந்த இருவர் இதற்கு விதிவிலக்கு. ஒருவர் அந்தோனியோ. 'ஜேம்ஸ்' என்னும் கப்பலில் வந்தவர். மற்றவர் மேரி. 'மார்கரெட் அண்ட் ஜான்' என்னும் கப்பலில் வந்தவர். இக்கப்பல்கள் முறையே 1621, 1622ஆம் ஆண்டுகளில் வந்தவை. அந்தோனியோ என்பது போர்த்துகீசியர் சூட்டும் கிறித்துவப் பெயர். அவர் போர்த்துகீசியரின் அடிமை வணிகத்தில் சிக்கியவர் என்பதற்கு இப்பெயரே முதல் தடயம்.

பெயரை அடையாளம் காணுதல்

ஆட்கணக்கில் உள்ள அந்தோனியோவும், கால் நூற்றாண்டுக்குப் பின் நிலப் பட்டயத்தில் காணப்படும் அந்தோனி ஜான்சனும் ஒருவரே என்பதை எவ்வாறு நிறுவுவது? ஒரே பெயரில் பலர் இருப்பது குடும்ப வரலாற்று ஆய்வில் அடிக்கடி எழும் சிக்கல். அதே 1625ஆம் ஆண்டுக் கணக்கில், வில்லியம் டக்கர் என்பவரின் வீட்டில் மற்றோர் அந்தோனி இருக்கிறார். அவருடைய மனைவி இசபெல்லா, ஞானஸ்நானம் பெற்ற அவர்களின் குழந்தை வில்லியம் ஆகியோரும் உடன் பதிவாகியுள்ளனர்.

இங்கே மூன்று சான்றுகள் உதவுகின்றன. முதலாவது, துணைவியின் பெயர். அந்தோனி–மேரி என்னும் இணை முன்னும் பின்னும் மாறாமல் வருகிறது. இரண்டாவது, எண்ணிக்கை. மொத்தம் 23 ஆப்பிரிக்கர்களே இருந்த இடத்தில் இதே இணை மீண்டும் அமைவது அரிது. மூன்றாவது, காலக் கணக்கு. 1653இல் ஒரு நீதிமன்றப் பதிவு, அந்தோனியும் மேரியும் வர்ஜீனியாவில் 30 ஆண்டுகளுக்கு மேலாக வசிப்பவர்கள் என்று கூறுகிறது. 1653இலிருந்து 30ஐக் கழித்தால் 1623. அதற்கு 'மேலாக' என்றால் 1621, 1622ஆம் ஆண்டுகளுடன் கணக்குப் பொருந்துகிறது. இந்தச் சான்றுகளில் எந்த ஒன்றும் தனித்து நின்றால் போதாது. மூன்றும் ஒரே திசையைக் காட்டுவதால்தான் வரலாற்றாசிரியர்கள் இருவரையும் ஒருவராகக் கொள்கின்றனர்.

நில உரிமை பெற்ற முறை

புதிய நாட்டுக்கு ஆட்களைக் கொண்டுவருவதை ஊக்குவிக்க, 1618 முதல் வர்ஜீனியாவில் 'ஹெட்ரைட்' என்ற முறை இருந்தது. ஒருவரின் பயணச் செலவை ஏற்று அவரைக் குடியேற்றத்துக்குக் கொண்டுவருபவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம் வழங்கப்படும். நிலம் கோருபவர், தாம் கொண்டுவந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பெயர்கள் பட்டயத்திலேயே பதிவாகும். எனவே ஒரு நிலப் பட்டயம், நில ஆவணமாக இருப்பதோடு ஒருவகையில் பயணிகள் பட்டியலாகவும் விளங்குகிறது.

1651 ஜூலையில் அந்தோனி ஜான்சனுக்கு நார்தாம்ப்டன் மாவட்டத்தில் 250 ஏக்கர் வழங்கப்பட்டது. செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில், புங்கோட்டீக் ஓடையை ஒட்டிய பகுதி அது. பட்டயத்தில் ஐந்து பெயர்கள் உள்ளன. ஐந்து பேருக்கு 50 ஏக்கர் வீதம் 250 ஏக்கர் என்னும் கணக்கு சரியாக வருகிறது.

ஆனால் இதைக் கொண்டு அந்தோனி ஐந்து பேரைத் தம் செலவில் கொண்டுவந்தார் என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஹெட்ரைட் உரிமைகள் கைமாறக் கூடியவை. கப்பல் தலைவர்களும் வணிகர்களும் அவற்றை விற்றனர். ஒரே ஆளின் பெயரை இரண்டு மூன்று பேர் காட்டி நிலம் பெற்றதும் உண்டு. அந்த ஐந்து பெயர்களில் ஒன்று ரிச்சர்ட் ஜான்சன் என்பது கவனிக்கத்தக்கது. அந்தோனியின் மகனின் பெயரும் அதுவே.

அடுத்த ஆண்டில் மகன் ஜான் தந்தையின் நிலத்தையொட்டித் தம் பெயரில் நிலம் பெற்றார். 1654இல் ரிச்சர்டுக்கு 100 ஏக்கர் கிடைத்தது. ஒரே ஓடைக்கரையில் ஒரு குடும்பத்தின் நிலங்கள் அடுத்தடுத்து அமைந்தன. பழைய பட்டயங்களில் எல்லைகள் மரம், ஓடை, பக்கத்து நிலக்காரர் பெயர் ஆகியவற்றைக் கொண்டு குறிக்கப்பட்டன. நம் ஊர்ப் பத்திரங்களில் செக்குபந்தி எழுதுவது போன்றதே இது. அதனால் ஒருவரின் சொந்தப் பட்டயம் தொலைந்துபோனாலும், அண்டை நிலத்தின் பட்டயத்தில் அவர் பெயர் எல்லையாக இடம்பெற்றிருக்கக் கூடும். ஒரு குடும்பத்தைத் தேடுபவர் அக்கம்பக்கத்தார் அனைவரின் ஆவணங்களையும் படிக்க வேண்டும் என்று கூறப்படுவது இதனால்தான்.

தீ விபத்தும் வரி விலக்கும்

1653இல் ஜான்சனின் தோட்டத்தில் தீ விபத்து ஏற்பட்டுப் பெரும் இழப்பு நேர்ந்தது. குடும்பம் மாவட்ட நீதிமன்றத்தை அணுகி நிவாரணம் கோரியது. நீதிமன்றம் மேரிக்கும் இரண்டு மகள்களுக்கும் வாழ்நாள் முழுவதும் வரி விலக்கு அளித்தது. அவர்களின் நீண்ட காலக் குடியிருப்பும் கடின உழைப்பும் இதற்குக் காரணமாகக் கூறப்பட்டன.

இந்த விலக்கின் பொருளை அறிய அன்றைய வரி முறையைப் பார்க்க வேண்டும். வர்ஜீனியாவில் வரி, தலைக்கு இத்தனை பவுண்டு புகையிலை என்று விதிக்கப்பட்டது. உழைக்கும் வயதுடைய ஆண்கள் வரிக்குரியோர். ஆங்கிலேயப் பெண்கள் பொதுவாக அப்பட்டியலில் இல்லை. ஆனால் 1643ஆம் ஆண்டுச் சட்டம் ஆப்பிரிக்கப் பெண்களையும் வரிக்குரியோராக்கியது. அதாவது, ஓர் ஆங்கிலேயர் மணமுடித்தால் வரி கூடாது. ஓர் ஆப்பிரிக்கர் மணமுடித்தால் மனைவிக்கும், வளர்ந்த ஒவ்வொரு மகளுக்கும் வரி கட்ட வேண்டும். 1653ஆம் ஆண்டுத் தீர்ப்பு, வரியைப் பொறுத்தவரை மேரியையும் மகள்களையும் ஆங்கிலேயப் பெண்களுக்கு இணையாக்கியது. அண்டை வீட்டாரும் நீதிபதிகளும் அக்காலத்தில் இக்குடும்பத்தை மதித்தனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

15 ஆண்டுகளில் நிலை மாறியது. விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்களும் வரி செலுத்தியே ஆக வேண்டும் என்று 1668இல் வர்ஜீனியாவின் சட்டமன்றம் மீண்டும் உறுதி செய்தது.

ஜான் கேசர் வழக்கு

ஜான்சன் குடும்பத்தின் கதையில் கடினமான பகுதி இது. ஜான் கேசர் என்னும் ஆப்பிரிக்கர் அந்தோனியிடம் வேலை செய்துவந்தார். தாம் ஏழெட்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவர் என்றும், அக்காலம் முடிந்து மேலும் ஏழு ஆண்டுகள் தம்மை வைத்திருப்பதாகவும் 1654இல் அவர் முறையிட்டார். அப்படி ஓர் ஒப்பந்தமே இல்லை, அவர் தமக்கு வாழ்நாள் அடிமை என்பது அந்தோனியின் வாதம். குடும்பத்தாரின் வற்புறுத்தலால் அந்தோனி முதலில் கேசரை விடுவித்தார். கேசர் பக்கத்துத் தோட்டக்காரரான ராபர்ட் பார்க்கரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் அந்தோனி மனம் மாறி வழக்குத் தொடுத்தார். கேசரை அந்தோனியிடமே திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றும், பார்க்கர் வழக்குச் செலவைத் தர வேண்டும் என்றும் நீதிமன்றம் 1655 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஒரு குற்றமும் செய்யாத மனிதர் ஒருவரை உரிமையியல் வழக்கொன்றில் வாழ்நாள் அடிமையாக அறிவித்த தொடக்ககாலத் தீர்ப்புகளில் இது முக்கியமானது.

அமெரிக்காவில் அடிமைமுறையைத் தொடங்கியவரே ஒரு கறுப்பினத்தவர்தான் என்று வாதிட இவ்வழக்கை இணையத்தில் பலர் எடுத்துக்காட்டுவது உண்டு. ஆவணங்கள் அக்கூற்றை ஏற்கவில்லை. 1640இலேயே, தப்பியோடிப் பிடிபட்ட மூன்று பணியாளர்களில் ஐரோப்பியர் இருவருக்குக் கூடுதல் ஆண்டுகள் பணியும், ஆப்பிரிக்கரான ஜான் பன்ச் என்பவருக்கு மட்டும் வாழ்நாள் அடிமைப் பணியும் வர்ஜீனியாவின் உயர் நீதிமன்றம் விதித்தது. 1641இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் சட்டத் தொகுப்பு அடிமைமுறைக்கு இடமளித்தது. எனினும் அந்தோனியைக் குற்றமற்றவராகக் காட்டுவதும் சரியன்று. தாம் தப்பித்த நிலையிலேயே மற்றொருவரை இறுத்திவைக்க அவர் அந்த நீதிமன்றத்தைப் பயன்படுத்தினார் என்பதும் அதே ஏட்டில் எழுதப்பட்டுள்ள உண்மை.

மேரிலாந்துக்குக் குடிபெயர்தல்

1660களில் குடும்பம் வர்ஜீனியாவை விட்டு வடக்கே மேரிலாந்துக்குச் சென்றது. அந்தோனி தம் 250 ஏக்கரில் 200 ஏக்கரை வெள்ளையர் இருவருக்கு விற்றார். மீதி 50 ஏக்கரை ரிச்சர்டுக்குக் கொடுத்தார். ரிச்சர்ட் தம் மனைவி மக்களுடன் அங்கேயே தங்கினார். அந்தோனி, மேரி, ஜான் ஆகியோருடன் கேசரும் மேரிலாந்துக்குச் சென்றார்.

மேரிலாந்திலும் ஹெட்ரைட் முறை இருந்தது. அங்குள்ள பதிவுகளின்படி, ஜான்சன் குடும்பத்தினரை மேரிலாந்துக்குக் கொண்டுவந்ததாகக் கணக்குக் காட்டி நில உரிமை கோரியவர்கள் வேறு இருவர். ஒரு காலத்தில் ஐந்து பேரின் பெயரைக் காட்டி நிலம் பெற்றவரின் பெயர், இப்போது பிறர் நிலம் பெறுவதற்கான தலைக்கணக்காக ஆனது. அந்தோனி சாமர்செட் மாவட்டத்தில் 300 ஏக்கரைக் குத்தகைக்கே எடுத்தார். அத்தோட்டத்துக்கு 'டோனியின் திராட்சைத் தோட்டம்' என்று பெயரிட்டார்.

1670இல் அந்தோனி காலமானார். மேரி அந்நிலத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை எழுதி வாங்கிக் குடும்பத்தைக் காத்தார். பேரன்களுக்கு அவர் கால்நடைகளைக் கொடுத்ததும் பதிவாகியுள்ளது. ஆவணங்களில் மேரி தம் பெயரில் தாமே முடிவெடுப்பவராக வெளிப்படுவது கணவரின் மறைவுக்குப் பிறகுதான். ஆங்கிலேயச் சட்டப்படி மணமான பெண்ணின் சொத்துரிமை கணவரிடம் அடங்கியிருந்ததே இதற்குக் காரணம். பழைய பதிவுகளில் பெண்களைத் தேடுவோர் கைம்பெண்களின் பத்திரங்களையும், தானப் பத்திரங்களையும் முதலில் பார்ப்பது பயன் தரும்.

1670ஆம் ஆண்டுத் தீர்ப்பு

அந்தோனி இறந்த அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், வர்ஜீனியாவில் அவருடைய பழைய நிலம் குறித்து விசாரணை நடந்தது. வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி கூடியது. அந்தோனி ஜான்சன் ஒரு நீக்ரோ, ஆகவே அந்நியர், எனவே அவர் நிலம் அரசைச் சேரும் என்று அது முடிவு கூறியது. ரிச்சர்டு குடும்பத்துடன் வாழ்ந்துவந்த 50 ஏக்கர், இறுதியில் ஜார்ஜ் பார்க்கர் என்னும் செல்வந்தர் கைக்குப் போனது. ரிச்சர்டு அடிமையல்லர். தந்தை முறையாகக் கொடுத்த நிலத்தில் ஐந்து ஆண்டுகளாகப் பயிர் செய்துவந்தவர்.

ஆங்கிலேயச் சட்டத்தில், மன்னரின் குடிமகன் அல்லாத அந்நியர் நிலத்தை உரிமையாக வைத்திருக்கவோ வாரிசுகளுக்கு விடவோ இயலாது. வாரிசு இல்லாமலும், உரிமை செல்லாமலும் போகும் நிலம் மன்னரிடம் திரும்பும். வெளிநாட்டு வணிகர் போன்றோருக்காக ஏற்பட்ட அவ்விதி, இங்கே நிறத்தோடு முடிச்சுப் போடப்பட்டது. 1651இல் அரசே பட்டயம் வழங்கியபோது அவர் அந்நியராகத் தோன்றவில்லை. 1653இல் வரி விலக்கு அளித்தபோதும் 1655இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோதும் தோன்றவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த நாட்டில் வாழ்ந்து இறந்த பின்னரே அவர் அந்நியரானார்.

இடைப்பட்ட காலத்தில் சட்டம் எவ்வாறு இறுகியது என்பதை வரிசைப்படுத்திப் பார்த்தால் இத்தீர்ப்பு விளங்கும். 1662இல், பிறக்கும் குழந்தை தாயின் நிலையையே பெறும் என்று வர்ஜீனியா சட்டமியற்றியது. அடிமைப் பெண்ணின் குழந்தைகள் பிறப்பிலேயே அடிமைகளாயினர். 1667இல், ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமைக்கு விடுதலை இல்லை என்றாயிற்று. 1670இல், விடுதலை பெற்ற ஆப்பிரிக்கரும் பழங்குடியினரும் கிறித்துவப் பணியாளர்களை வாங்கத் தடை வந்தது. 1691இல் வெள்ளையர், வெள்ளையரல்லாதார் திருமணம் தண்டனைக்குரியதாயிற்று. 1705இல் இவையனைத்தும் விரிவான அடிமைச் சட்டமாகத் தொகுக்கப்பட்டன. 1671இல் ஆளுநர் பெர்க்லி அனுப்பிய அறிக்கை, வர்ஜீனியாவின் மக்கள்தொகையைச் சுமார் 40,000 என்றும், அவர்களில் கறுப்பின அடிமைகள் 2,000 என்றும் கூறுகிறது. ஆட்கணக்கில் 23 பேராக இருந்தவர்கள் இந்த அளவுக்குப் பெருகிய காலமும், சட்டம் இறுகிய காலமும் ஒன்றே.

அங்கோலா என்னும் தோட்டம்

1677இல் அந்தோனியின் பேரன் ஜான், அதாவது மகன் ஜானின் மகன், மேரிலாந்தில் 44 ஏக்கர் நிலம் வாங்கினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'அங்கோலா'. மேரிலாந்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் பெயரிட்டுப் பதிவு செய்யும் வழக்கம் இருந்தது. ஆங்கிலேயர் பெரும்பாலும் தங்கள் பழைய ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். அந்தப் பேரன் ஆப்பிரிக்காவைக் கண்டவர் அல்லர். பாட்டனார் பிறந்த நாடு இதுதான் என்று வேறெந்த ஆவணமும் நேரடியாகச் சொல்லவில்லை. அந்தோனியோ என்ற போர்த்துகீசியப் பெயரும், அக்காலத்து அடிமைக் கப்பல்களின் வழித்தடமும் குறிப்பாக உணர்த்துவதை, 44 ஏக்கர் நிலத்தின் பெயர் உறுதிப்படுத்துகிறது. ஒரு நிலப் பதிவேடு, குடும்பம் தன் பூர்விகத்தை மூன்றாம் தலைமுறையிலும் மறக்கவில்லை என்பதைக் காத்து வைத்திருக்கிறது.

இந்த ஜான் வாரிசின்றி இறந்தார். 1730ஆம் ஆண்டளவில் ஜான்சன் குடும்பம் ஆவணங்களிலிருந்து மறைந்துவிடுகிறது.

குடிமதிப்பீடுகளில் தேடுவதன் வரம்புகள்

ஆவணத்தில் மறைந்தது என்றால் குடும்பம் அழிந்தது என்று பொருளல்ல. ஜான்சன் என்பது ஆங்கிலேயரிடையே மிகப் பரவலான குடும்பப் பெயர். 17ஆம் நூற்றாண்டு எழுத்தர்கள் பெயரை அடுத்து 'நீக்ரோ' என்று எழுதியதால்தான் இக்குடும்பத்தினரைப் பிற ஜான்சன்களிடமிருந்து பிரித்தறிய முடிகிறது. இழிவாகக் கருதி இட்ட அச்சொல்லே இன்று ஆய்வாளருக்கு வழிகாட்டுகிறது. அது எழுதப்படாத இடத்தில் தடம் அறுந்துவிடுகிறது. அதே கிழக்குக் கரையில் வாழ்ந்த இமானுவேல் டிரிகஸ் என்னும் ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்களை இதைவிட நீண்ட காலத்துக்குப் பின்தொடர முடிந்துள்ளது. ரோட்ரிகஸ் என்னும் பெயரின் திரிபான டிரிகஸ் அரிய குடும்பப் பெயராக இருந்தது இதற்கு உதவியது.

அமெரிக்கா விடுதலை பெற்ற பின், 1790இல் முதல் நாடளாவிய குடிமதிப்பீடு நடந்தது. அதில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மற்றவர்கள் எண்ணிக்கையாயினர். வெள்ளையரல்லாத சுதந்திர மக்கள் 'ஏனைய சுதந்திர நபர்கள்' என்ற ஒரே கட்டத்தில் அடங்கினர். அடிமைகளுக்குத் தனிக் கட்டம். வர்ஜீனியாவின் 1790ஆம் ஆண்டுத் தாள்கள் எஞ்சவில்லை. அதனால் அங்கே வரிப் பட்டியல்களையே நம்ப வேண்டியுள்ளது.

1850இல்தான் சுதந்திரமான ஒவ்வொருவரின் பெயரும் குடிமதிப்பீட்டில் இடம்பெற்றது. 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயரின் கீழ் அடிமைகளின் வயது, பால், நிறம் ஆகியவையே காணப்படும். பெயர் அநேகமாக இராது. உள்நாட்டுப் போருக்குப் பின், 1870இல்தான் அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்கள் முதன்முறையாகப் பெயருடன் பதிவாயினர். ஆப்பிரிக்க அமெரிக்கர் தம் முன்னோரைத் தேடிப் பின்னோக்கிச் செல்லும்போது பெரும்பாலும் 1870இல் ஒரு சுவரில் முட்டிக்கொண்டது போல் நிற்க நேர்வது இதனால்தான். 1625இலேயே பெயருடன் பதிவான ஜான்சன் குடும்பம் இவ்வகையில் மிக அரிதானது.

மாணவர் கவனிக்க வேண்டியவை

குடியேற்றக் கால ஆவணங்களைப் படிக்கும்போது சில அடிப்படைகளை நினைவில் கொள்வது நல்லது.

முதலாவது, தேதி. 1752 வரை ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. கேசர் வழக்கின் தீர்ப்பு நீதிமன்ற ஏட்டில் 1654 மார்ச் என்றிருந்தாலும், இன்றைய கணக்கில் அது 1655. ஒரே நிகழ்ச்சிக்கு நூல்கள் இரு வேறு ஆண்டுகளைத் தருவது பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டாவது, எழுத்து. அந்நாளில் பெயருக்கு நிலையான எழுத்துக்கூட்டல் இல்லை. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். கேசர் என்னும் பெயரே பல வடிவங்களில் காணப்படுகிறது. தேடும்போது எழுத்தை மட்டும் பார்க்காமல் ஒலியையும் கருத வேண்டும்.

மூன்றாவது, எல்லை. மாவட்டங்கள் அடிக்கடி பிரிக்கப்பட்டன. பெயரும் மாறின. அக்கோமாக் என்று தொடங்கிய மாவட்டம் 1643இல் நார்தாம்ப்டன் ஆனது. 1663இல் அது பிரிக்கப்பட்டு வடபகுதி மீண்டும் அக்கோமாக் எனப்பட்டது. ஒரே இடத்தில் அசையாமல் வாழ்ந்த குடும்பத்தின் ஆவணங்களும் இரண்டு மாவட்ட ஏடுகளில் சிதறியிருக்கலாம்.

நான்காவது, ஆவணத்தின் நோக்கம். ஆட்கணக்கு பாதுகாப்புக்காகவும், வரிப் பட்டியல் வருவாய்க்காகவும், பட்டயம் உரிமைக்காகவும் எழுதப்பட்டவை. இவற்றில் எதுவும் மனிதரின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்ல எழுதப்பட்டதன்று. அந்தோனி எப்படி விடுதலை பெற்றார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லாததற்குக் காரணம், அதை எழுதிவைக்கும் தேவை எந்த எழுத்தருக்கும் ஏற்படாததே.

ஐந்தாவது, படங்கள். அந்தோனி ஜான்சனின் புகைப்படம் என்று இணையத்தில் சில உலவுகின்றன. புகைப்படக் கலை 19ஆம் நூற்றாண்டில் தோன்றியது. 1670இல் இறந்தவருக்குப் புகைப்படம் இருக்க இயலாது.

இன்றைய நிலை

நார்தாம்ப்டன் மாவட்ட நீதிமன்ற ஏடுகள் 1632 முதல் இடையறாமல் கிடைக்கின்றன. அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் தொடர்ச்சியாகக் காக்கப்பட்ட மிகப் பழைய மாவட்ட நீதிமன்றப் பதிவுகள் இவையே. வர்ஜீனியாவின் பிற மாவட்டங்கள் பலவற்றின் ஏடுகள் தீயிலும் போரிலும் அழிந்தன. ஜான்சன் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு தெரிய வருவதற்கு அவர்கள் வாழ்ந்த மாவட்டத்தின் ஏடுகள் தப்பியதும் ஒரு காரணம். வர்ஜீனியா மாநில நூலகத்திலும் மேரிலாந்து மாநில ஆவணக் காப்பகத்திலும் நிலப் பட்டயங்களும் நீதிமன்றப் பதிவுகளும் பேணப்படுகின்றன. அவற்றில் பல இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1980இல் டி. எச். பிரீன், ஸ்டீபன் இன்னஸ் ஆகிய வரலாற்றாசிரியர்கள் இக்கிழக்குக் கரையின் சுதந்திர ஆப்பிரிக்கர்களைப் பற்றி விரிவான நூல் எழுதிய பின், ஜான்சன் குடும்பம் பாடநூல்களிலும் இடம்பெறத் தொடங்கியது.

வர்ஜீனியாவில் இனப் பாகுபாடு முதல் நாளிலிருந்தே முழு வடிவில் இருந்துவிடவில்லை என்பதை இக்குடும்பத்தின் பதிவுகள் காட்டுகின்றன. அது சட்டத்தின் மேல் சட்டமாக, தீர்ப்பின் மேல் தீர்ப்பாக, சுமார் 50 ஆண்டுகளில் கட்டப்பட்டது. தாத்தா 250 ஏக்கருக்குப் பட்டயம் பெற்றார். மகன் 50 ஏக்கரை இழந்தார். பேரன் 44 ஏக்கர் வாங்கி அதற்கு அங்கோலா என்று பெயர் வைத்தார். இந்த மூன்று எண்களையும் பாதுகாத்தவை மாவட்ட எழுத்தர்களின் ஏடுகள்.